நான் யாருக்குச் சொந்தம்? தன்னாட்சியும் அடையாளமும்: கிறிஸ்துவச் சிந்தனையில் ஒரு பார்வை

என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் இடையே 'ஏ/பி' என்றொரு சிறு குறி நிற்கிறது. 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கம். இன்னாரின் மகள் என்று பொருள். நம் தோழர்களுக்கு 'ஏ/எல்'. தேர்வுப் பட்டியலிலும் பட்டமளிப்பு மேடையிலும்கூட நம் பெயர் தனியாக வருவதில்லை; பெற்றவர் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் குறியை நான் ஒரு பொருட்டாக எண்ணியதே இல்லை. சென்ற ஆண்டு நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் எண்ண வைத்தன.

முதலாவது, ஒரு டுட்டோரியல் வகுப்பில் நடந்தது. "நீ யார் என்பதைப் பத்து வரியில் எழுது. குடும்பம், இனம், சமயம், ஊர் ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது. நீயாகத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எழுது" என்றார்கள். பக்கத்திலிருந்தவர்கள் விறுவிறுவென்று எழுதினார்கள். நான் மூன்று வரியோடு நின்றுவிட்டேன். தமிழ் எனக்குப் பிடிக்கும் என்று எழுதினேன். ஆனால் ஏழு வயதில் என்னைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தது நானா? தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார்ந்ததும் நான் தேர்ந்தெடுத்ததன்று. வாசிப்பு பிடிக்கும் என்று எழுதினேன். அதுவும் ஓர் ஆசிரியை தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களால் வந்தது. நான் தேர்ந்தெடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டால் என்னில் மிஞ்சுவது என் கைத்தொலைபேசியின் உறை நிறம்தானோ என்று தோன்றியது.

இரண்டாவது, அதே விடுமுறையில் ஜாசினில் நடந்தது. எங்கள் குடும்பம் கிறிஸ்துவக் குடும்பம். என் பெரியப்பா ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பவர். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து இன்று வரை ஒரு நாளும் பைபிளைத் திறக்காமல் படுத்ததில்லை என்பார். முதுகலை படிக்க வேறு மாநிலத்துக்குப் போக விரும்புகிறேன் என்று நான் சொன்னேன். வீட்டில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நீ உனக்குச் சொந்தமானவ இல்லம்மா. நான் சொல்லல, பவுல் எழுதி வெச்சிருக்காரு." எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்ன வசனம் உண்மையிலேயே வேதாகமத்தில் இருக்கிறது.

பல்கலைக்கழகம் 'நீ முழுக்க உன்னுடையவள்' என்றது. வீடு 'நீ உன்னுடையவளே அல்ல' என்றது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஒருத்தி இரண்டையும் கொஞ்சம் ஆழமாகப் படித்துப் பார்த்த முயற்சிதான் இக்கட்டுரை. இந்த இதழை வாசிப்போரில் பெரும்பாலோர் கிறிஸ்துவர் அல்லர் என்பதை நான் அறிவேன். யாரையும் எந்தச் சமயத்துக்கும் அழைப்பது என் நோக்கமன்று. நம்மில் பலர் வீட்டில், வெவ்வேறு சமயச் சொற்களில், இதே உரையாடல் நடந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

தன்னாட்சி எனும் சொல்

தன்னாட்சி என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல், 'தான்', 'சட்டம்' எனும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. முதலில் அது தனிமனிதரைக் குறிக்கவில்லை. பிற அரசுக்குக் கட்டுப்படாமல் தன் சட்டத்தைத் தானே இயற்றிக்கொள்ளும் நகரத்தைக் குறித்தது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் அதை மனித மனத்துக்குரிய சொல்லாக்கினார். அவர் சொன்னது, விரும்பியதைச் செய்யும் உரிமையன்று. அறிவு தனக்குத் தானே விதிக்கும் கடமை, அதுவும் எல்லா மனிதருக்கும் பொருந்தக்கூடிய கடமை. இந்தக் கண்டிப்பான கிழவரை இன்று 'உன் இஷ்டப்படி வாழ்' எனும் விளம்பர வாசகத்துக்குத் தாத்தாவாக்கிவிட்டார்கள், பாவம்.

விளம்பரத்துக்கு நெருக்கமானவர் பிரெஞ்சு அறிஞர் சார்த்தர். 1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரையில், மனிதன் முதலில் இருக்கிறான், பிறகுதான் தான் இன்னார் என்பதைத் தன் செயல்களால் தானே ஆக்கிக்கொள்கிறான் என்றார். படைத்தவர் இல்லையென்றால் முன்கூட்டியே வரைந்த வரைபடமும் இல்லை. எங்கள் டுட்டோரியல் வகுப்பில் கொடுத்த பயிற்சி அந்த உரையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

இதைக் கேட்டதும் உடனே எதிர்க்கத் தோன்றலாம். ஆனால் தமிழர்களாகிய நாம் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. பெரியார் 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியபோது, பிறப்பைக் கொண்டு ஒருவனை இன்னான் என்று தீர்மானிக்கும் உரிமை எவனுக்கும் இல்லை என்பதுதானே அதன் உயிர்நாடி? 1929 டிசம்பரில் அவர் மலாயாவுக்கு வந்தபோது தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் மக்கள் அவரைக் கேட்கப் போனார்கள். அந்த மக்கள் யார்? பெரும்பாலும் கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையின் கீழ் ஆட்கள் வருவது 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட வரிசையில் நின்றவர்களுக்கு, 'நீ உன்னுடையவன்' என்று ஒருவர் சொல்வது வெறும் தத்துவமன்று. அது அரிசி மாதிரி.

எங்கள் மலாக்காவிலேயே, 1967இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். காலில் கொப்புளத்தோடு நடக்கும் ஒருவரிடம் போய், 'நீ உன்னுடையவன் அல்ல' என்று ஒரு கிறிஸ்துவர் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கு என்ன பொருள்? கிறிஸ்துவச் சிந்தனை தன்னாட்சியைக் குறை சொல்லட்டும். ஆனால் இந்தக் கேள்விக்கு முன் நிற்க முடியாத விமர்சனம் நமக்கு உதவாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெரியப்பா சொன்ன வசனத்தைத் தேடினேன்.

கொரிந்து நகரத்துக் கோஷம்

அந்த வசனம் இருப்பது, பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஆறாம் அதிகாரத்தின் இறுதியில். கி.பி. 50களின் நடுப்பகுதியில் எபேசு நகரிலிருந்து எழுதப்பட்ட கடிதம் அது. கொரிந்து, நம் பழைய மலாக்காவைப் போல, இரண்டு கடல்வழிகளுக்கு நடுவே வாணிகத்தால் வளர்ந்த ஊர். கி.மு. 146இல் ரோமானியர் அதை அழித்தனர். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் அது மீண்டும் எழுந்தபோது அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆகவே அது பழைய வேர்கள் இல்லாத, தானே தன்னை ஆக்கிக்கொண்ட மனிதர்களின் நகரம். புதுப்பணக்காரர்களின் நகரம் என்றும் சொல்லலாம்.

அந்த ஊர்ச் சபையில் ஒரு கோஷம் இருந்தது. எதையும் செய்ய எனக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆறாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தில் பவுல் அதை எடுத்துக்காட்டுகிறார். அது கொரிந்தியரின் பேச்சு, பவுலின் சொந்தக் கருத்தன்று என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 'என் உடல், என் விருப்பம்' என்பதன் முதல் நூற்றாண்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் சூழலில் அதைச் சொன்னவர்கள் விலைமகளிரிடம் போய்வந்த ஆண்கள். அவர்களுடைய 'உரிமை'க்கு மறுபக்கத்தில் உரிமையே இல்லாத ஒரு பெண் இருந்தாள். இதை நான் இதற்குமுன் கவனித்ததில்லை.

அவர்களுக்குப் பவுல் தரும் பதில் இரண்டு படிகளில் வருகிறது. உரிமை இருக்கலாம், ஆனால் எல்லாம் நன்மை தராது. எதை உரிமை என்கிறாயோ அதுவே உன்னை ஆளத் தொடங்கிவிடும் என்பது முதல் படி. உன் உடல் இறைவன் தங்கும் கோயில், நீ விலை கொடுத்து வாங்கப்பட்டவன், ஆகவே நீ உன் சொந்தப் பொருளல்ல என்பது இரண்டாம் படி. 'விலை கொடுத்து வாங்கப்பட்ட' என்பது அடிமைச் சந்தையின் மொழி. விடுதலை பெற்ற அடிமைகள் நிறைந்த ஊரில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரியப்பா சொன்னது இந்த இரண்டாம் படி. ஆனால் இது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? பிறர் உடலைத் தங்கள் உரிமையாக எண்ணிய ஆண்களை நோக்கி. படிக்கப் போக வேண்டும் என்று கேட்ட ஒரு பெண்ணை நோக்கி அல்ல.

ஆயாக் கொட்டகை

கொரிந்து ஒருபுறமிருக்க, 'நான் என்னுடையவன்' என்ற எண்ணத்தில் என்ன பிழை என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவர் வட ஆப்பிரிக்காவில் 354இல் பிறந்த அகுஸ்தீன். ஏறத்தாழ கி.பி. 400இல் அவர் எழுதி முடித்த தன்வரலாற்று நூலின் முதல் பகுதியில் ஓர் எளிய உண்மையைச் சொல்கிறார். தம் குழந்தைப் பருவம் தமக்கு நினைவில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். மற்றக் குழந்தைகளைப் பார்த்துத்தான் தாமும் அப்படி இருந்திருப்போம் என ஊகிக்க முடிகிறது. இன்னொரு வியப்பு, 'நான்' என்பதை ஆராயும் அந்த நூல் முழுதும் ஒரு 'நீ'யிடம் பேசுவதாக இருப்பது. இறைவனை முன்னிலையில் நிறுத்தி, அவரிடம் பேசிப் பேசித்தான் அகுஸ்தீன் தம்மைக் கண்டுபிடிக்கிறார்.

எனக்கு உடனே எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகை நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி அங்கே ஆயாவாக இருந்தவர். பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் விடியற்காலையில் விட்டுச் சென்ற பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டி, பால் கலக்கிக் கொடுத்து வளர்த்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அந்தக் கொட்டகையும் இடிந்துபோன பின்பும், ஜாசின் சந்தையில் நாற்பது வயது ஆட்கள் பாட்டியைப் பார்த்து நின்று பேசுவார்கள். பாட்டி அவர்களுக்கே தெரியாத அவர்களின் கதையைச் சொல்வார். "நீ தூளியில கெடந்தா வெளிச்சத்தப் பாத்து அழுவே." அந்த மனிதர் வெட்கத்தோடு சிரிப்பார். அவருடைய வாழ்க்கையின் முதல் அத்தியாயம் அவரிடம் இல்லை, பாட்டியிடம் இருந்தது.

ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்த கத்தோலிக்கத் தத்துவ அறிஞர் அலஸ்டேர் மெக்கின்டயர் 1999இல் எழுதிய நூலில் இதைத்தான் வாதமாக்கினார். அறத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் மனிதனை எப்போதும் திடகாத்திரமான, நடுத்தர வயதுடைய, யாரையும் சாராதவனாகவே கற்பனை செய்துகொண்டார்கள். ஆனால் நாம் குழந்தைகளாக இருந்தோம், நோயுறுவோம், முதுமையடைவோம். சார்ந்திருத்தல் மனித வாழ்வின் விதிவிலக்கன்று, இயல்பு என்றார். கனடா நாட்டு அறிஞர் சார்ல்ஸ் டெய்லர், இவரும் கத்தோலிக்கரே, 1991இல் வெளிவந்த நூலில் இன்னொரு கோணத்தைக் காட்டினார். தனக்கு உண்மையாக வாழ விரும்புவது தவறன்று, அது உயர்ந்த இலட்சியம். ஆனால் எது முக்கியம், எது அற்பம் என்று பிரிக்கும் அளவுகோலை நாம் தனியாக உருவாக்க முடியாது. முக்கியமானவர்களோடு பேசியும் சண்டையிட்டும்தான் நம் அடையாளம் உருவாகிறது என்றார். தேர்ந்தெடுப்பது மட்டுமே பெருமை என்றால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான் என்றாகிவிடும். கைத்தொலைபேசி உறையின் நிறத்தைப் பற்றி நான் எண்ணியது இதுதான். டெய்லர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

ஆக, டுட்டோரியல் வகுப்பில் நான் மூன்று வரியோடு நின்றது என் குறையன்று என்று இப்போது நம்புகிறேன். கேள்வியில்தான் குறை.

கிறிஸ்து ஆலயத்துத் தரை

இவ்வளவு படித்ததும் பெரியப்பா பக்கம் சாய்ந்துவிட்டதாகவே எண்ணினேன். அப்போதுதான் பழைய வினா மீண்டும் வந்தது. நான் பிறரால் ஆனவள் என்றால், அந்தப் பிறருக்கு நான் உடைமையா?

மலாக்கா நகரின் சிவப்பு நிறக் கிறிஸ்து ஆலயத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பலர் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். டச்சுக்காரர்கள் மலாக்காவை 1641இல் கைப்பற்றியதன் நூறாண்டு நினைவாக 1741இல் கட்டத் தொடங்கி 1753இல் முடித்த ஆலயம் அது. உள்ளே தரையில் டச்சுக் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை ஏற்றுக்கொண்ட போதனை நூல்களில் ஒன்று, 1563இல் ஜெர்மனியில் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை. வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் எது என்பது அதன் முதல் கேள்வி. நான் எனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பதே அங்கே தரப்படும் விடையின் சாரம். பெரியப்பா சொன்ன அதே வசனத்தின் மேல் கட்டப்பட்ட விடை. தன்னாட்சியை விமர்சிக்கும் இன்றைய கிறிஸ்துவ எழுத்தாளர்கள் பலர் அதைத்தான் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள்.

ஆனால் அந்த வினாவிடையைக் கற்றவர்கள் ஆண்ட மலாக்காவில் மனிதர்களை மனிதர்கள் விலைக்கு வாங்கினார்கள். 1659க்கும் 1661க்கும் இடையில், போராலும் பஞ்சத்தாலும் தஞ்சைப் பகுதி சீரழிந்தபோது, டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றியது. பெரும்பகுதியினர் இலங்கைக்குப் போனார்கள். ஒரு சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் வந்து சேர்ந்தார்கள். கங்காணி காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் மொழி பேசியவர்கள் இந்த ஊரில் பிறருடைய சொத்தாக இறங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 'நான் எனக்குச் சொந்தமல்ல' என்று ஒப்பித்த வாய், திங்கட்கிழமை 'இவன் எனக்குச் சொந்தம்' என்று பத்திரத்தில் எழுதச் சொன்னது.

இது எப்படி முடிந்தது? வசனத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் முடிந்தது. பவுல் 'விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள்' என்ற அதே சொற்றொடரை ஒரே ஓர் அதிகாரம் தள்ளி, ஏழாம் அதிகாரம் இருபத்து மூன்றாம் வசனத்தில் மீண்டும் பயன்படுத்துகிறார். அங்கே அவர் எடுக்கும் முடிவு வேறு: ஆகவே மனிதருக்கு அடிமைகளாகாதீர்கள் என்கிறார். முதல் இடத்தில், நீ உன் உடைமை அல்ல. இரண்டாம் இடத்தில், அதே காரணத்தால், நீ வேறெந்த மனிதனின் உடைமையும் அல்ல. இதற்குச் சற்று முன்னால், அடிமை ஒருவனுக்கு விடுதலை பெற வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்பது இன்றைய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றின் வாசிப்பு. ஏழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் உண்டு என்பது அன்றைய உலகுக்குப் புதிதல்ல. கணவனின் உடல்மேல் அவனுக்கே அதிகாரம் இல்லை, மனைவிக்கு உண்டு என்று அடுத்த வரியிலேயே சொல்வதுதான் புதிது.

பவுல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. மனிதருக்கு அடிமையாகாதே என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் அடிமைகளை வைத்திருந்தது. அந்த வசனம் அங்கே எழுதப்பட்டிருந்தது, வாசித்தவர்கள் தாண்டிப் போனார்கள், அவ்வளவுதான்.

இதே குறையை ஒரு கிறிஸ்துவப் பெண் அறிஞரே இறையியலுக்குள்ளிருந்து சுட்டிக்காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் வேலரி செய்விங் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ரைன்ஹோல்ட் நீபர் போன்ற பெரும் இறையியலாளர்கள் பாவம் என்றால் ஆணவம், தன்னை மையமாக வைப்பது என்றே விளக்கினார்கள். அது ஆண்களின் அனுபவம் என்றார். பெண்களிடம் அதிகம் காணப்படுவது ஆணவமன்று. தனக்கென்று ஒரு 'தான்' இல்லாமலேயே பிறருக்குள் கரைந்துபோவது. அப்படிப்பட்டவளிடம் போய் 'உன்னையே மற' என்று போதிப்பது நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது போலாகும் என்பது என் சொற்களில் அவர் வாதம். இக்கட்டுரையைப் படித்த இரவு, எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் பிடிக்கும்" என்றார்.

ஓலை காட்டிய கிழவர்

இது வரையில் வெளிநாட்டுப் பெயர்களாகவே அடுக்கிவிட்டேன். ஆனால் 'ஒருவருக்கு உரியவன் என்பதால் வேறெவருக்கும் அஞ்சேன்' என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. அம்மா வழிப் பாட்டி இந்து. சின்ன வயதில் அவர் சொன்ன கதை ஒன்றை, பின்னர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கண்டபோது மகிழ்ந்தேன். புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கும் வேளையில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என ஏசுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மூல ஓலை வெளியே வருகிறது. வழக்கில் தோற்றுக் கிழவரின் பின்னால் போனால், அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். மணமேடையில் இருந்த மாப்பிள்ளையின் திட்டங்கள் அத்தனையும் கலைந்தன. தோற்ற வழக்குதான் அவருடைய வாழ்வின் வெற்றி.

அப்பரின் வரலாறு இதன் மறுபாதி. பல்லவ மன்னனின் ஆட்கள் அழைத்துப் போக வந்தபோது, தாம் இறைவனின் ஆள், வேறெவருக்கும் குடியல்ல என மறுத்துப் பாடினார் என்பது மரபு. சுந்தரர் கதையில் இறைவனுக்கு அடிமைப்படுதல். அப்பர் கதையில் அதனாலேயே அரசனுக்கு அடிபணியாமை. பவுலின் ஆறாம், ஏழாம் அதிகாரங்களை இந்த இரண்டு கதைகளாகவும் படிக்கலாம் என்று சொன்னால் பெரியப்பா என்னை விட்டுவைக்கமாட்டார். ஆனால் அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

இந்த ஒற்றுமையை நான் கண்டுபிடிக்கவில்லை. நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் எனும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டபோது, வைணவ பக்தியின் சொற்களையும் கம்பனின் நடையையும் அப்படியே உடன் கொண்டுவந்தார். சமயம் மாறிய அவர் தம்மைப் புதிதாகத் தாமே படைத்துக்கொள்ளவில்லை. தம்மை ஆக்கிய தமிழைச் சுமந்துகொண்டே போனார். பிஷப் ஏ. ஜே. அப்பாசாமி 1927இல் எழுதிய நூலில் கிறிஸ்துவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கினார். வேறுபாடுகள் உண்டு, மறுக்கவில்லை. கிறிஸ்துவச் சிந்தனையில் ஆண்டவனே அடிமையின் வடிவெடுத்து விலையைக் கொடுக்கிறார். ஆகவே அங்கே உடைமையாளர் என்ற சொல்லே தலைகீழாகிறது. அதை விளக்க இன்னொரு கட்டுரை வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்து நின்ற இடம் ஒன்று எனக்குத் தெரியும். 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய திருச்சபையினர், கார்ல் பார்த் முன்னின்று எழுதிய அறிக்கையை ஏற்றார்கள். நாங்கள் கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு தலைவர்களுக்கு உரியவர்களாக இருக்கும்படி வாழ்வில் ஒரு பகுதியும் கிடையாது என்பது அதன் ஓர் உட்பொருள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டுக்குச் சற்று மேலான நேரம் அது. மனிதன் நாட்டுக்கும் இனத்துக்கும் உடைமை என்று ஓர் அரசு கூறும்போது, 'நான் என்னுடையவன்' என்று மட்டும் சொன்னவர்கள் பலர் அமைதியாகிவிட்டார்கள். அந்த அணியைச் சேர்ந்த டீட்ரிக் போன்ஹோஃபர் அமைதியாகவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பார்மனில் கூடியவர்களிலும் பலர் பின்னர் யூதர்களுக்காக வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புக்கிட் ஆசகான் தொழிலாளரிடம் ஒரு கிறிஸ்துவர் என்ன சொல்ல முடியும் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு விடை இருக்கிறது. 'நீ உன்னுடையவன் அல்ல' என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் அவருக்கு அதைப் போதுமான அளவு சொல்லியிருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியது ஏழாம் அதிகாரம். ஆறாம் அதிகாரத்தைத் துரை பங்களாவில் போய் வாசிக்க வேண்டும்.

பெரியப்பா யார் பக்கம் என்பது இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. அவர் துரையல்லர். எஸ்.பி.எம். தேர்வுக்கு எனக்கு டியூஷன் கட்டணம் கட்டியவர். என்னைச் சொத்தாக நினைத்து அவர் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. நான் தொலைந்துபோய்விடுவேனோ என்று பயந்து சொன்னார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. முதுகலைக்குப் போனாலும் அடையாள அட்டையில் அந்தக் குறி இருக்கும். ஆனால் அதற்கு அப்பால் நான் யாருடைய தூளியில் வளர்ந்தேன் என்பதை மறந்துவிட வாய்ப்பிருக்கிறது.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அவருடைய பைபிளையே எடுத்து ஏழாம் அதிகாரத்தைத் திறந்து கொடுத்தேன். "பெரியப்பா, நீங்க சொன்ன வார்த்தை இங்கயும் இருக்கு, பாருங்க." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருபத்து மூன்றாம் வசனத்தை இரண்டு முறை படித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"முழு அதிகாரத்தையும் படிக்கணும்மா," என்றார் பிறகு. "ஒரு வசனத்த மட்டும் புடிச்சிக்கிட்டுப் பேசக் கூடாது."

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் தொலைபேசியில் ஆளுக்கொரு வசனமாக வாசித்து வருகிறோம். இருபத்து ஐந்தாம் வசனத்திலிருந்து திருமணமாகாதவர்களைப் பற்றிய பகுதி தொடங்குகிறது. வரும் வாரம் அது.